பழைய கேட்டலாக்கும் பழைய ரைபிளும்: வணிகருக்கு ஒரு பாடம்

புதுக் கணக்குப் போட்டதும் பழைய விலைப்பட்டியல்களை நாம் என்ன செய்கிறோம்? கம்பெனிகள் அனுப்பிய அச்சுப் பட்டியல், மொத்தக் கடை கொடுத்த விலைத்தாள், நாமே வாடிக்கையாளருக்காக அச்சடித்த மளிகைச் சாமான் பட்டியல் எல்லாம் பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறுகின்றன. மிஞ்சியது கடுகும் மிளகும் மடித்துக் கொடுக்கப் பயன்படுகிறது. விலை மாறிவிட்டது, இனி இந்தக் காகிதத்துக்கு என்ன மதிப்பு என்று நினைக்கிறோம்.

அமெரிக்காவிலும் இதே கதைதான் நடந்தது. 1872-ம் ஆண்டு சிகாகோ நகரில் மான்ட்கோமரி வார்டு என்ற வணிகர், 163 சரக்குகளின் பெயரையும் விலையையும் ஒரே தாளில் அச்சடித்துக் கிராமத்து விவசாயிகளுக்கு அனுப்பினார். தபாலில் ஆர்டர், ரயிலில் சரக்கு என்ற வியாபாரம் அதிலிருந்து வளர்ந்தது. அவருக்குப் போட்டியாக வந்த சியர்ஸ் ரோபக் கம்பெனியின் கேட்டலாக் ஆயிரம் பக்கத்தைத் தாண்டியது. ஊசி, அடுப்பு, வண்டிச் சக்கரம், கடிகாரம், துப்பாக்கி எல்லாம் அதில் உண்டு. புதுப் புத்தகம் வந்ததும் பழைய புத்தகம் வீட்டின் பின்புறக் கழிப்பறைக்குப் போய்விடும். அங்கே அது எதற்குப் பயன்பட்டது என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

அப்படிப் போகாமல் தப்பிய பிரதிகளை இன்று நூலகங்கள் பத்திரமாக வைத்திருக்கின்றன. 1908-ம் ஆண்டு சியர்ஸ் கேட்டலாக்கை 1969-ல் அப்படியே படமெடுத்து மறுபதிப்பாக விற்றார்கள். மறுபதிப்பை வெளியிட்டது துப்பாக்கி பற்றிய ஆண்டு மலர் நடத்தும் பதிப்பகம் என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய ரைபிள் வாங்கி விற்பவர்களும் சேகரிப்பவர்களும் இந்தக் காகிதத்தை உரைகல்லாகப் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதே இந்தப் பாடம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நம் நாட்டில் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பொழுதுபோக்கு வேட்டைக்கும் இடமில்லை. ஆகவே நமக்கு வேண்டியது ரைபிள் அல்ல. பழைய விலைப்பட்டியலை ஒரு வணிகர் எப்படிப் படிக்க வேண்டும் என்ற முறைதான் நமக்கு வேண்டும்.

எண் இல்லாத சரக்கு

அரிசி, பருப்பு வந்த மாதமே விற்றுத் தீர்கிறது. ரைபிள் அப்படியல்ல. நூறு ஆண்டுக்கு முன் விற்ற ரைபிள் இன்றும் கைமாறுகிறது. பாட்டன் வாங்கியது பேரன் கையில் இருக்கிறது. வாங்கிய கடை மூடிப் போயிருக்கும். செய்த தொழிற்சாலையும் இல்லாமல் போயிருக்கும். பொருள் மட்டும் நிற்கிறது.

அமெரிக்காவில் 1968-ம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வரும் வரையில், மலிவு விலை ரைபிள்கள் பலவற்றில் வரிசை எண்ணே கிடையாது. சிறுவர்களுக்கும் விவசாயிகளுக்கும் விற்ற 22 காலிபர் ரைபிள்கள் பெரும்பாலும் இந்த வகை. எண் இருந்தால் தயாரிப்பாளரின் பதிவேட்டைத் தேடலாம். எண் இல்லாத சரக்குக்கு எந்த ஆண்டு, எந்த மாடல், என்ன விலை என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியது அன்று அச்சடித்த கேட்டலாக் ஒன்றுதான்.

தவறாகச் சொன்னால் இரண்டு வகையில் நட்டம். முதலாவது பண நட்டம். அருமையான சரக்கை அறியாமல் சொற்ப விலைக்குக் கொடுத்துவிடலாம், சாதாரணச் சரக்கை அதிக விலை கொடுத்து வாங்கிவிடலாம். இரண்டாவது உயிர் நட்டம். பழைய குழல் தாங்காத தோட்டாவைப் போட்டால் அது வெடித்துக் கையையும் கண்ணையும் கொண்டுபோகும். எனவே இந்தத் தொழிலில் காகிதத்தைச் சரியாகப் படிப்பது வெறும் பொழுதுபோக்கு அல்ல.

முதல் படி: கையில் உள்ள சரக்கை எழுதுங்கள்

அனுபவமுள்ளவர் கேட்டலாக்கை முதலில் திறப்பதில்லை. முதலில் ரைபிளைப் பார்த்து, குழலில் பொறித்துள்ள ஒவ்வொரு எழுத்தையும் எண்ணையும் அப்படியே எழுதிக்கொள்கிறார். குழல் நீளம், அது உருண்டையா எட்டுப்பட்டையா, கட்டை எந்த வடிவம், தோட்டா வைக்கும் அறை எங்கே என்று குறிக்கிறார். அதன் பிறகுதான் பட்டியலைப் பார்க்கிறார். பட்டியலை முதலில் பார்த்தவர் அதில் படித்ததையெல்லாம் சரக்கில் தேடிக் கண்டுபிடித்துவிடுவார். மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் பில்லைப் பார்த்து இருப்பு எழுதும் தவறு இதுதான்.

குழலில் உள்ள எண்கள் புதியவரைக் குழப்பும். மிளகாய் மூட்டையில் தரக்குறி எழுதுவது போல அவை தொழில் குறிகள். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே விதி கிடையாது.

38-55 என்றால் குழல் விட்டம் ஏறத்தாழ 0.38 அங்குலம், உள்ளே 55 கிரெய்ன் எடைக் கருமருந்து. 30-30 என்றால் விட்டம் 0.30 அங்குலம், 30 கிரெய்ன் புகையில்லா மருந்து. 30-06 என்பதில் உள்ள 06 மருந்தின் எடை அல்ல. அமெரிக்க ராணுவம் அந்தத் தோட்டாவை ஏற்ற 1906-ம் ஆண்டைக் குறிக்கும். 250-3000 என்பதில் 3000 வேகத்தைக் குறிக்கும், அதாவது வினாடிக்கு 3000 அடி. ஒரே மாதிரி எழுதிய நான்கு பெயர்களில் இரண்டாவது எண்ணுக்கு மூன்று வெவ்வேறு பொருள். தெரியாதவர் நான்கையும் ஒன்றாக எண்ணி ஏமாறுவார்.

250-3000 வந்த விதமும் வணிகருக்குச் சுவையானது. சார்லஸ் நியூட்டன் என்பவர் அமைத்த தோட்டாவை ஸாவேஜ் கம்பெனி 1915-ல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. 100 கிரெய்ன் எடைக் குண்டுதான் பொருத்தம் என்பது நியூட்டனின் கருத்து. கம்பெனியோ 87 கிரெய்ன் குண்டு போட்டது. குண்டு இலேசானால் வேகம் கூடும், 3000 என்ற முழு எண்ணை விளம்பரத்தில் போடலாம் என்பது அவர்கள் கணக்கு. சரக்கின் தன்மையை விளம்பர எண் முடிவு செய்தது. கேட்டலாக்கில் பெரிய எழுத்தில் தெரியும் எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஒரே சரக்கு, பல பெயர்

ஒரே மில்லில் உடைத்த துவரம்பருப்பை ஐந்து கடைக்காரர்கள் ஐந்து பெயரில் பொட்டலம் போட்டு விற்பதை நாம் அறிவோம். பெருங்காயத்திலும் ஊதுபத்தியிலும் இது சர்வ சாதாரணம். துப்பாக்கியிலும் அப்படியே நடந்தது.

சியர்ஸ் கம்பெனி ஜே. சி. ஹிக்கின்ஸ் என்ற பெயரில் ரைபிள் விற்றது. 1960-களில் அந்தப் பெயரை விட்டுவிட்டு, புகழ்பெற்ற பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸின் பெயரைப் போட்டது. மான்ட்கோமரி வார்டு கம்பெனியின் மார்க் வெஸ்டர்ன் ஃபீல்டு. இவற்றை அந்தக் கடைகள் தயாரிக்கவில்லை. ஸாவேஜ், ஹை ஸ்டாண்டர்டு, மாஸ்பர்க், வின்செஸ்டர் போன்ற தொழிற்சாலைகள் செய்து கொடுத்தன. டெட் வில்லியம்ஸ் மாடல் 100 என்று விற்றது உண்மையில் வின்செஸ்டர் மாடல் 94.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? சியர்ஸ் தன் சரக்குக்கு ஒரு புள்ளி வைத்த எண் கொடுத்தது. புள்ளிக்கு முன் உள்ள எண் தயாரிப்பாளரைக் குறிக்கும். 583 என்று தொடங்கினால் ஹை ஸ்டாண்டர்டு, 101 என்று தொடங்கினால் ஸாவேஜ். பிறகு அதே ஆண்டில் வெளியான சியர்ஸ் கேட்டலாக்கையும் தொழிற்சாலையின் சொந்தக் கேட்டலாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குழல் நீளம், எடை, தோட்டா எண்ணிக்கை மூன்றையும் ஒப்பிட வேண்டும். மூன்றும் பொருந்தினால் ஒரே சரக்கு என்ற முடிவுக்கு நெருங்கிவிட்டோம். நியூயார்க் மாநிலத்தில் உள்ள நம்ரிச் என்ற உதிரிபாகக் கடை இப்படிப்பட்ட ஒப்பீட்டுப் பட்டியலை வெளியிட்டிருக்கிறது. உடைந்த ஸ்பிரிங் கேட்டு வருபவருக்கு எந்தத் தொழிற்சாலையின் ஸ்பிரிங் பொருந்தும் என்று சொல்லாமல் வியாபாரம் நடக்காதே!

கடைப் பெயர் போட்ட சரக்கு சந்தையில் பொதுவாக மலிவாகப் போகும். ஆனால் தரம் எப்போதும் மட்டம் என்று சொல்ல முடியாது. ஜே. சி. ஹிக்கின்ஸ் மாடல் 50 என்ற ரைபிளின் இயந்திரப் பகுதி பெல்ஜியம் நாட்டின் எஃப்.என். தொழிற்சாலையில் செய்தது. பெயரைப் பார்த்துத் தள்ளியவர் இழந்தார். கேட்டலாக்கைப் படித்தவர் வாங்கினார்.

பெயர்க் குழப்பத்துக்கு இன்னும் இரண்டு சான்றுகள். வின்செஸ்டர் தன் 30 காலிபர் தோட்டாவுக்குத் தன் பெயரையே வைத்தது. போட்டிக் கம்பெனியான மார்லின் அதே தோட்டாவுக்கு ரைபிள் செய்தபோது எதிராளியின் பெயரைத் தன் குழலில் பொறிக்க மனம் வருமா? 30-30 என்று எண்ணாகப் பொறித்தது. கடைசியில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அதுபோல லண்டனில் ரிக்பி கம்பெனி 275 ரிக்பி என்று விற்றது ஜெர்மனியின் 7 மில்லிமீட்டர் மவுசர் தோட்டாவைத்தான். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை 1907-ல் வீழ்த்திய ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்த ரைபிள் இந்த 275 ரிக்பிதான். பெயர் இரண்டு, சரக்கு ஒன்று.

தேதி இல்லாத பட்டியலுக்குத் தேதி போடுவது

பழைய கேட்டலாக் பலவற்றில் ஆண்டு அச்சிட்டிருக்காது. விற்காத பிரதி அடுத்த ஆண்டும் செல்ல வேண்டும் என்று அன்றைய வணிகர் நினைத்திருக்கலாம். நாமும் காலண்டரைத் தவிர மற்றவற்றில் ஆண்டு போடத் தயங்குகிறோம் அல்லவா?

இதற்கு ஒரு வழி உண்டு. பட்டியலில் எது இருக்கிறது, எது இல்லை என்று இரண்டையும் பார்க்க வேண்டும். ஸாவேஜ் கம்பெனியின் தேதியில்லாத கேட்டலாக் ஒன்று கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அதில் 250-3000 இருக்கிறது. அது 1915-ல் வந்தது. ஆகவே பட்டியல் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. 1920-ல் வந்த 300 ஸாவேஜ் அதில் இல்லை. ஆகவே பட்டியல் 1920-க்கு முந்தியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஐந்தாண்டு இடைவெளிக்குள் பட்டியலை அடைத்துவிட்டோம். இனி விலையைப் பார்த்து மேலும் நெருக்கலாம்.

வின்செஸ்டரின் லீவர் ரைபிள் மாடல் 1894 முதலில் 32-40, 38-55 என்ற இரண்டு கருமருந்துத் தோட்டாக்களுக்குத்தான் வந்தது. புகையில்லா மருந்துக்கு நிக்கல் எஃகுக் குழல் வேண்டியிருந்ததால் 30 காலிபர் 1895-ல்தான் சேர்ந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு அதே ரைபிளின் பெயர் மாடல் 94 என்று சுருங்கியது. குழலில் 1894 என்று இருப்பதைப் பார்த்து அது 1894-ல் செய்தது என்று சொல்பவர்கள் உண்டு. அது மாடலின் பெயர், செய்த ஆண்டு அல்ல. ஒரு கடையின் பலகையில் 'நிறுவியது 1950' என்று இருந்தால் உள்ளே உள்ள அரிசி 1950-ம் ஆண்டு அரிசி ஆகிவிடுமா?

அடுத்தடுத்த ஆண்டுகளின் பட்டியலை ஒப்பிட்டால் தரம் எப்போது இறங்கியது என்பதும் தெரியும். வின்செஸ்டர் மாடல் 70 என்ற ரைபிள் 1936-ல் வந்தது. நல்ல பெயர் எடுத்தது. செலவு கூடிப்போனதால் 1964-ல் கம்பெனி அதை மாற்றியது. தோட்டாவைக் கவ்வி இழுக்கும் பெரிய நகம் போயிற்று. கட்டையில் கையால் வெட்டிய கட்டக் கோடுகளுக்குப் பதில் அழுத்திப் பதித்த கோடுகள் வந்தன. பெயர் அதே மாடல் 70. ஆனால் வாங்குபவர்கள் கண்டுகொண்டார்கள். '64-க்கு முந்தியது' என்ற சொல்லே சந்தையில் ஒரு தரக்குறியாகிவிட்டது. வரிசை எண் ஏழு லட்சத்துக்குக் கீழே இருந்தால் அது பழையது என்பது கணக்கு. பழைய முறை நகத்தை 1990-களில் கம்பெனியே திரும்பக் கொண்டு வந்தது. பெயரை வைத்துக்கொண்டு சரக்கை மாற்றினால் வாடிக்கையாளர் முப்பது ஆண்டானாலும் மறப்பதில்லை.

பட்டியலும் பொய் சொல்லும்

கேட்டலாக் ஒரு விற்பனைக் காகிதம். அதை எழுதியவர் நம்மைப் போன்ற வணிகர். ஆகவே நம் தொழிலின் பழக்கங்கள் எல்லாம் அதில் உண்டு.

ஒன்று, படம். படத்துக்கு அச்சுக்கட்டை செய்யச் செலவு அதிகம். சரக்கு மாறினாலும் பழைய கட்டையையே மறுபடி அச்சிட்டிருப்பார்கள். படத்துக்கும் எழுத்துக்கும் பொருந்தவில்லை என்றால் உடனே படத்தை நம்பிவிடக் கூடாது.

இரண்டு, விலை. அச்சிட்ட விலை வேறு, கடைக்காரருக்குக் கொடுத்த கழிவு வேறு. தொழிற்சாலைகள் வியாபாரிகளுக்குத் தனித்தாளில் கழிவு விலை அனுப்பின. கேட்டலாக் விலையை மட்டும் பார்த்து 'அன்று இந்த விலைக்கு விற்றது' என்று எழுதினால் அது பாதி உண்மை. பட்டியல் விலைக்கும் கொள்முதல் விலைக்கும் உள்ள தூரம் நமக்குத் தெரியாததா?

மூன்று, இருப்பு. பட்டியலில் முதலில் வந்த ஆண்டும் தயாரிப்புத் தொடங்கிய ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தயாரிப்பு நின்ற பிறகும் கிடங்கில் உள்ளது தீரும்வரை பட்டியலில் பெயர் இருக்கும்.

நான்கு, தனி ஆர்டர். வின்செஸ்டர் போன்ற கம்பெனிகள் கூடுதல் காசுக்கு நீளக் குழல், எட்டுப்பட்டைக் குழல், செதுக்கு வேலை எல்லாம் செய்து கொடுத்தன. பட்டியலில் உள்ள சாதாரண அமைப்போடு பொருந்தவில்லை என்பதற்காக ஒரு ரைபிளைப் போலி என்று தள்ளிவிடவும் கூடாது. பட்டியலின் கடைசிப் பக்கங்களில் உள்ள 'கூடுதல் வேலைகள்' பகுதியையும் படிக்க வேண்டும்.

பட்டியலே போலிக்கு வழிகாட்டும்

1875-ம் ஆண்டு வின்செஸ்டர் கேட்டலாக்கில் ஓர் அறிவிப்பு வந்தது. சோதனையில் மிகச் சரியாகச் சுட்ட குழல்களைத் தனியே எடுத்து, நல்ல விசையும் அலங்காரமும் சேர்த்து, 'ஆயிரத்தில் ஒன்று' என்று பொறித்து 100 டாலருக்கு விற்பதாகச் சொன்னார்கள். ஆனால் மற்ற ரைபிள்கள் மட்டமா என்ற கேள்வி வாடிக்கையாளர் மனத்தில் எழாமல் இருக்குமா? திட்டம் சில ஆண்டுகளில் நின்றுபோனது. மாடல் 1873-ல் சுமார் 130 ரைபிள்கள்தான் இந்தப் பொறிப்போடு வெளிவந்தன.

1950-ல் 'வின்செஸ்டர் 73' என்ற திரைப்படம் வந்தபோது, படக் கம்பெனியே விளம்பரத்துக்காக இவற்றைத் தேடி அறிவிப்புச் செய்தது. மறைந்து கிடந்தவை சில வெளிவந்தன. விலை ஏறியது. விலை ஏறிய இடத்தில் போலியும் வந்தது. அந்தச் சொற்களைச் சாதாரணக் குழலில் பொறிப்பது ஒரு கைகாரருக்குப் பெரிய வேலையல்ல. எப்படிப் பொறிக்க வேண்டும் என்று கற்றுக்கொள்ளப் பழைய பட்டியலே அவருக்கும் உதவும்.

இந்த இடத்தில் கேட்டலாக்கின் சாட்சி முடிகிறது. அது 'இப்படி ஒரு சரக்கை விற்றோம்' என்று சொல்லும். 'இந்தக் குறிப்பிட்ட ரைபிளை விற்றோம்' என்று சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது பதிவேடு. வின்செஸ்டர் கிடங்கிலிருந்து அனுப்பிய ரைபிள்களின் எண்ணையும் அமைப்பையும் எழுதிய பழைய பதிவேடுகள் இன்று வயோமிங் மாநிலம் கோடி நகரின் அருங்காட்சியகத்தில் உள்ளன. எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், பதிவு இருக்கும் ரைபிளுக்கு அங்கிருந்து கடிதம் கிடைக்கும். அந்தக் கடிதம் இல்லாமல் பெரிய விலை கொடுக்க அறிந்தவர் முன்வரமாட்டார்.

கடைப் பதிவேட்டின் பலத்துக்கு நம் நாட்டிலும் சான்று உண்டு. 1914 ஆகஸ்டு 26 அன்று கல்கத்தாவில் ரோடா என்ற ஆங்கிலத் துப்பாக்கிக் கடைக்கு வந்த சரக்கிலிருந்து 50 மவுசர் கைத்துப்பாக்கிகளையும் 46,000 தோட்டாக்களையும் வங்கப் புரட்சியாளர்கள் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு துப்பாக்கியின் எண்ணும் கடைக்காரர் பதிவேட்டில் இருந்தது. பின்னர் எங்கே ஒன்று பிடிபட்டாலும் அது ரோடா சரக்கா இல்லையா என்று அந்த எண்ணே காட்டிக்கொடுத்தது. கடைக் குமாஸ்தா எழுதிய ஒரு வரி, அரசாங்கத்துக்கே ஆதாரமாயிற்று.

உயிர் காக்கும் வரி

வின்செஸ்டர் மாடல் 1873, மாடல் 1892 இரண்டும் 44-40 என்ற ஒரே தோட்டாவைப் போடும் ரைபிள்கள். ஆனால் 1892 வலுவான அமைப்பு, 1873 அவ்வளவு வலுவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே அளவில் அதிவேகத் தோட்டா விற்பனைக்கு வந்தது. அது 1892-க்கு உரியது, 1873-ல் போடக் கூடாது என்று தோட்டாப் பெட்டியிலேயே அச்சடித்தார்கள். தோட்டா இரண்டிலும் நுழையும். நுழைகிறது என்பதால் சுடலாம் என்று பொருளல்ல. பெட்டி தொலைந்து தோட்டா மட்டும் மிஞ்சினால், எச்சரிக்கையும் தொலைந்தது. அதனால்தான் பழைய பட்டியலும் பழைய பெட்டியும் வைத்திருப்பவர்கள் அவற்றைக் காசுக்காக மட்டும் வைத்திருப்பதில்லை. எந்த மருந்துக்குச் செய்த குழல் என்று பட்டியலில் பார்த்த பிறகும், துப்பாக்கிப் பழுது பார்க்கும் தேர்ந்த கைகாரரிடம் காட்டாமல் பழைய ரைபிளைச் சுடுவதில்லை என்பது அவர்கள் நியதி.

நம் பக்கம் வந்த பட்டியல்கள்

லண்டன் ஆர்மி அண்ட் நேவி கூட்டுறவுச் சங்கம் 1871-ல் தொடங்கியது. படை அதிகாரிகள் சேர்ந்து மொத்தமாக மதுப்புட்டிகள் வாங்கி மலிவாகப் பங்கிடத் தொடங்கியதே அதன் வித்து. பிறகு பெரிய கடையாக வளர்ந்து, பம்பாய், கராச்சி, கல்கத்தா நகரங்களிலும் கிளை திறந்தது. அதன் 1907-ம் ஆண்டு கேட்டலாக் 1969-ல் இங்கிலாந்தில் மறுபதிப்பாக வந்தது. கூடாரம், தொப்பி, தேயிலை ஆகியவற்றோடு ரைபிளும் அதில் உண்டு. ரைபிளில் சங்கத்தின் பெயர் இருந்தாலும் செய்தது பெரும்பாலும் வேறு பட்டறைகளே. லண்டனின் புகழ்பெற்ற ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் துப்பாக்கிக் கம்பெனியை 1835-ல் தொடங்கிய ஹாரிஸ் ஹாலண்ட் முதலில் புகையிலை வியாபாரி என்பதும் நம்மவர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

இந்தியாவுக்காகவே பட்டியல் மாறியதும் உண்டு. ராணுவத் தோட்டாவோடு பொருந்தும் 450 காலிபர் ரைபிள்களைத் தனியார் கொண்டுவருவதை அன்றைய ஆங்கில அரசு, கலகக்காரர் கைக்குத் தோட்டா போய்விடும் என்ற பயத்தால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தடை செய்தது. உடனே லண்டன் கம்பெனிகள் 465, 470 என்று சற்றே மாறிய அளவுகளைக் கொண்டு வந்தன. யானை வேட்டைக்கு 450 போதாது என்பதால் இவை வரவில்லை. சட்டம் மாறியது, சரக்கின் அளவும் மாறியது. பட்டியலில் புது அளவு திடீரென்று முளைத்தால், அதன் பின்னால் ஓர் அரசாணை இருக்கிறதா என்று தேடுவது நல்ல வாசகரின் பழக்கம்.

நாம் செய்ய வேண்டியது

சியர்ஸ் தன் பெரிய கேட்டலாக்கை 1993-ல் நிறுத்திவிட்டது. வின்செஸ்டரின் நியூ ஹேவன் தொழிற்சாலை 2006-ல் மூடப்பட்டது. நிறுவனங்கள் போயின, அவர்கள் ஒரு பருவத்துக்கு என்று அச்சடித்த காகிதம் நிற்கிறது. அன்று அதில் உண்மையாக எழுதிய அளவும் எடையும் இன்று முகம் தெரியாத ஒருவரின் பணத்தையும் உயிரையும் காக்கின்றன. கூட்டிச் சொன்னது இன்றும் ஒருவரை ஏமாற்றுகிறது. இதிலிருந்து நம் கடைக்கு ஐந்து வேலைகள் உண்டு.

1. அச்சடிக்கும் எந்த விலைப்பட்டியலிலும் மாதமும் ஆண்டும் போடுங்கள்.

2. ஒவ்வொரு பட்டியலிலும் ஒரு பிரதியைத் தனிக் கோப்பில் வையுங்கள். கோப்பை எலியும் ஈரமும் அணுகாத இடத்தில் வைத்தால் போதும்.

3. அச்சிட்ட விலைக்குப் பக்கத்தில் உண்மையில் விற்ற விலையையும் கழிவையும் பேனாவால் குறித்து வையுங்கள். பின்னால் வருபவருக்கு அதுதான் முழு உண்மை.

4. கடைப் பெயரில் பொட்டலம் போடும் சரக்கு எந்த மில்லிலிருந்து, எந்தத் தேதியில் வந்தது என்று பதிவேட்டில் எழுதுங்கள். புகார் வந்தால் அந்த ஒரு வரியே நம்மைக் காக்கும்.

5. தரத்தை மாற்றினால் பெயரையும் மாற்றுங்கள், அல்லது வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள்.

பயிற்சி

இந்த வாரம் கடையில் உள்ள மிகப் பழைய விலைப்பட்டியல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு போட்டிருந்தால் அதைக் கையால் மறைத்துவிடுங்கள். அதில் உள்ள சரக்குகளையும் இல்லாத சரக்குகளையும் பார்த்து அது எந்த ஆண்டு என்று கண்டுபிடியுங்கள். கடைப் பையனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். எந்த மார்க் எப்போது வந்தது, எது எப்போது நின்றது, எந்த வரி எப்போது ஏறியது என்று நீங்கள் சொல்லச் சொல்ல, உங்கள் கடையின் வரலாறு அவனுக்குப் பாடமாகிவிடும். அப்படிப் பார்க்க ஒரு பட்டியலும் கையில் இல்லை என்றால், இன்றைய பட்டியலில் தேதி போட்டு முதல் பிரதியைக் கோப்பில் வையுங்கள்.